முதல் ஐம்பது மீட்டர்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்று புறப்படுவதைக் கவனித்திருக்கிறீர்களா? எஞ்சின் பெரிதாக உறுமும். சக்கரமோ சோம்பேறித்தனமாக உருளும். ஆனாலும் பல டன் எடையுள்ள வண்டி நகர்ந்துவிடுகிறது. ஓட்டுநர் முதல் கியருக்குப் பதிலாக நான்காவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் என்ன ஆகும்? வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், எஞ்சின் நின்றுவிடும். அதே லாரி, அதே எஞ்சின், அதே டீசல்தான். மாறியது ஒரு ஜோடிப் பல்சக்கரம் மட்டுமே.

இந்த லாரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒரு காரின் கதைக்கு வருவோம்.

என் வகுப்பு மாணவர் ஒருவரின் அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். போனஸ் பணத்தில் ஒரு பழைய மாருதி 800 கார் வாங்கினார். அதை ‘ஸ்போர்ட்ஸ் கார்’ போல, காலை அழுத்தியதும் சீறிப் பாயும்படி செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் மிச்சம் இருந்த பணத்தில் பாதியைப் போட்டு, உள்ளே தடுப்புகள் இல்லாத அகலக் குழாய் சைலன்சர் ஒன்றையும், பார்வைக்கு மிடுக்கான பெரிய சக்கரங்களையும் மாட்டிவிட்டார். சத்தம் ஊரைக் கூட்டியது. கார் மட்டும் முன்பைவிட மந்தமாகிவிட்டதாக அவருக்கே ஒரு சந்தேகம்.

“சத்தம் கூடுனா இழுவையும் கூடும்னு சொன்னாவ, சார். மிச்சப் பணத்தை எதுல போடணும்னு அண்ணன் கேக்கான்” என்றார் தம்பி.

நல்ல கேள்வி. அளக்காமல் விடை சொல்லக் கூடாது என்பதால், அனுமதி பெற்று ஒரு ஞாயிறு காலையில் கல்லூரி மைதானத்தின் தார்ப் பாதையில் ஐம்பது மீட்டரை அளந்து கோடு போட்டோம். நான்கு மாணவர்கள் ஸ்டாப் வாட்சுடன் நின்றார்கள். நின்ற நிலையிலிருந்து ஐம்பது மீட்டரைக் கடக்க ஆறு வினாடிகளுக்குச் சற்று மேல் ஆயிற்று. பழைய சைலன்சரையும் பழைய சக்கரங்களையும் திரும்ப மாட்டி அடுத்த ஞாயிறு அளந்தபோது, ஏறத்தாழ கால் வினாடி குறைந்தது! செலவழித்த பணம் காரைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. எப்படி?

கணக்கைப் பார்ப்போம். நியூட்டனின் இரண்டாம் விதி உங்களுக்குத் தெரியும்: முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்து வருவது. இங்கே விசை என்றால் எஞ்சினின் விசை அல்ல. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை. எஞ்சின் தருவது திருப்பு விசை, அதாவது ஒரு தண்டைத் திருகும் வலிமை. அது கியர் விகிதத்தால் பெருக்கப்பட்டுச் சக்கரத்தை அடைகிறது. சக்கரத்தின் ஆரத்தால் அதை வகுத்தால் தரையில் கிடைக்கும் விசை வந்துவிடும்.

மாருதி 800 காரில் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் உச்சத் திருப்பு விசை சுமார் 60 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 3.6. சக்கரத்துக்கு முன்னால் உள்ள இறுதிப் பல்சக்கர ஜோடி அதை இன்னும் 4.35 மடங்காக்குகிறது. இரண்டையும் பெருக்கினால் சுமார் 15.6. சக்கர ஆரம் கால் மீட்டர். அறுபதை 15.6-ஆல் பெருக்கி, கால் மீட்டரால் வகுத்தால் 3,744 நியூட்டன். பல்சக்கர உராய்வில் பத்தில் ஒரு பங்கு போகட்டும்; மீதி சுமார் 3,370. கார் 650 கிலோகிராம், உள்ளே இருவர், கொஞ்சம் பெட்ரோல். ஆக 800 கிலோகிராம் எனக் கொள்வோம். முடுக்கம் வினாடிக்கு வினாடி 4.2 மீட்டர்.

இதே கணக்கை நான்காம் கியருக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த விகிதம் 3.9 மட்டுமே. விசை சுமார் 840 நியூட்டன், முடுக்கம் 1.05. காலால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் இதற்கு மேல் இல்லை. நம் உப்பு லாரி நான்காம் கியரில் மூச்சடைத்து நின்றதன் இரகசியம் இதுதான்.

குதிரைத் திறன் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். திறன் என்பது விசையும் வேகமும் பெருகி வருவது. வேகம் மிகுந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது அதன் ஆட்சி. புறப்பட்ட முதல் சில வினாடிகளில் எஞ்சின் தன் உச்சத் திறனை எட்டவே இல்லை. ஆகவே அங்கே விலை மலிவாகக் கை வைக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான்: விகிதம், ஆரம், நிறை.

விகிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இதை எளிதாகச் செய்கிறார்கள். சங்கிலியின் முன் பல்சக்கரத்தில் 14 பல்லுக்குப் பதில் 13 பல் வைத்தால் போதும். ஒவ்வொரு கியரிலும் இழுவை நூற்றுக்கு ஏழரைக்கு மேல் கூடிவிடும். காரில் இறுதிப் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். பாகம் கிடைத்தால் எஞ்சினைத் தொடுவதைவிட இது மலிவு. ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. இந்த மாருதியின் இறுதி விகிதத்தை நூற்றுக்குப் பத்துக் கூட்டினால், நான்காம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போக நிமிடத்துக்குச் சுமார் 4,140 சுற்றுச் சுற்றிய எஞ்சின் இப்போது 4,550 சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 120-ஐத் தொட்ட கார் 110-இலேயே நிற்கும். திருநெல்வேலி வரை நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இரைச்சலும் பெட்ரோல் செலவும்தான் மிச்சம்.

இப்போது பெரிய சக்கரத்தின் குற்றம் புரிகிறதல்லவா? சக்கர ஆரம் நூற்றுக்கு ஐந்து கூடினால் தள்ளும் விசை ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. அது மட்டுமல்ல. உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு கிலோ, காரோடு முன்னே போவதற்கு ஒரு முறையும் சுழல்வதற்கு ஒரு முறையுமாக இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும். ஆக, மிடுக்குக்காக மாட்டிய சக்கரம் இரண்டு வகையில் வரி வாங்கியது.

அடுத்தது நிறை. இதில் நம் கடற்கரையிலேயே ஒரு வேடிக்கையான எதிர்க் காட்சி உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்குவார்கள். (தூத்துக்குடியில் 1961-க்குப் பின் அரசு முத்துக்குளிப்பு நடத்தவில்லை, ஆனாலும் சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.) மனித உடல் நீரில் ஏறக்குறைய மிதக்கும். அதைக் கீழே இழுக்கும் நிகர விசை மிக அற்பம். கல்தான் அந்த விசையைத் தருகிறது. அங்கே எடையைச் சேர்த்தால் வேகம். சாலையில் ஓடும் காருக்கு எடை கீழ்நோக்கி இழுக்கிறது, முன்னோக்கி அல்ல. அதனால் சேர்த்த ஒவ்வொரு கிலோவும் பாரமே.

எடையைக் குறைத்தே ஓர் எளிய எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுவரலாம் என்பதை நம் மாநிலத்திலேயே ஒருவர் செய்து காட்டினார். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், 1980-களின் இறுதியில், இதே மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் வெளிநாட்டுக் கார்கள் வைத்திருப்போரே பெரும்பாலும் கொடி கட்டினார்கள். தெருவில் ஓடும் குடும்பக் காரின் எஞ்சின், எங்கும் கிடைக்கும் உதிரிப் பாகம், அதிகச் செலவில்லாத சட்டம் என்று வந்ததும் இளைஞர்கள் உள்ளே வர முடிந்தது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவரே. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

கதவு, கண்ணாடி, பின் இருக்கை, கூரை எதுவும் இல்லாத அப்படிப்பட்ட வண்டி, ஓட்டுநரோடு 500 கிலோ எனக் கற்பனை செய்யுங்கள். அதே 3,370 நியூட்டனுக்கு முடுக்கம் 6.7 ஆகிறது. எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை!

எடைகளில் ஒரு விசித்திரமான எடை உண்டு. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எஞ்சினின் பின்பக்கம் ‘ஃப்ளைவீல்’ என்ற கனமான இரும்புத் தட்டு சுழல்கிறது. சிலிண்டர்கள் விட்டு விட்டு வெடிப்பதால் வரும் துடிப்பைச் சமப்படுத்துவது அதன் வேலை. நம் மாருதி முதல் கியரில் ஒரு மீட்டர் நகர, எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும்? சக்கரத்தின் சுற்றளவு 1.57 மீட்டர், ஆகவே சக்கரம் 0.64 சுற்று, அதை 15.6-ஆல் பெருக்கினால் எஞ்சின் ஏறத்தாழ 10 சுற்று. இப்போது ஃப்ளைவீலின் மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, ஓரத்தில் உள்ள ஒரு கிலோ இரும்பைப் பாருங்கள். ஒரு சுற்றில் அது 75 சென்டிமீட்டர் போகிறது. கார் வினாடிக்கு ஒரு மீட்டர் நகரும்போது அந்த இரும்பு வினாடிக்கு ஏழரை மீட்டர் பறக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? ஏழரையின் வர்க்கம் 56. அந்த ஒரு கிலோவைச் சுழற்றிவிட எஞ்சின் செலவிடும் ஆற்றல், காரில் ஏற்றிய 56 கிலோ மூட்டையை நகர்த்தும் ஆற்றலுக்குச் சமம்! அதாவது ஃப்ளைவீலின் ஓரத்தில் ஒரு கிலோவைச் செதுக்கினால், முதல் கியரில் ஓர் ஆளை இறக்கிவிட்டதற்கு ஒப்பு. நான்காம் கியரில் இதே கணக்கைப் போட்டால் மூன்றரைக் கிலோதான் வரும். மேல் கியரில் ஒன்றுமில்லாதது கீழ்க் கியரில் மலையாகிறது.

பந்தய எஞ்சின்களில் ஃப்ளைவீல் மெலிந்திருப்பதன் காரணம் இதுவே. ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் ஒரு பழைய வார்ப்பிரும்புத் தட்டைக் கடைசல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுச் சுழலும் தட்டில், மெலிந்த இடத்தில் ஒரு விரிசல் விழுந்தால் அது கிளட்ச் உறையைப் பிய்த்துக்கொண்டு ஓட்டுநரின் காலுக்கே வரும். கணக்கு அழகானது, இரும்பு இரக்கமற்றது.

சரி, விசையைக் கூட்டினோம், எடையைக் குறைத்தோம். தரை சம்மதிக்க வேண்டாமா? சக்கரம் தள்ளக்கூடிய விசைக்கு உராய்வு ஓர் எல்லை வைக்கிறது. மாருதி 800 முன் சக்கரங்களால் இழுக்கப்படும் கார். மொத்த எடை 7,840 நியூட்டன். அதில் நூற்றுக்கு அறுபது முன்பக்கம் எனக் கொண்டால் சுமார் 4,700. கார் பாய்ந்து கிளம்பும்போது மூக்கு சற்றுத் தூக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அப்போது சுமார் 750 நியூட்டன் முன் சக்கரங்களை விட்டுப் பின்னால் போய்விடும். மிச்சம் 3,950. நல்ல உலர்ந்த தாரில் உராய்வு எண் 0.8 என்றால் எல்லை 3,160. நம் விசையோ 3,370! முதல் கியரில் முழுத் திருப்பு விசையையும் கொடுத்தால் சக்கரம் வழுக்கும். துறைமுகச் சாலையிலோ லாரிகளிலிருந்து சிந்திய உப்பும், காற்று கொண்டுவரும் மணலும் கிடக்கும். அங்கே உராய்வு எண் 0.5-க்கு இறங்கினால் எல்லை இரண்டாயிரத்துக்குக் கீழே போய்விடுகிறது. அப்புறம் எவ்வளவு குட்டையான கியர் போட்டும் பயனில்லை, டயர்தான் தேயும். ஃபார்முலா மாருதியில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். பாயும்போது எடை பின்னுக்குப் போகிறது. இழுக்கும் சக்கரமும் பின்னால்தான். பிடி கூடுகிறது, குறையவில்லை.

இனி அந்தச் சைலன்சருக்கு வருவோம். அகலக் குழாய் என்றால் புகை தாராளமாக வெளியேறும், எஞ்சின் சுலபமாக மூச்சுவிடும் என்பது பலரின் நம்பிக்கை. எஞ்சின் வெறிகொண்டு சுற்றும்போது அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இந்த எஞ்சின் வினாடிக்குச் சுமார் 33 லிட்டர் கலவையை விழுங்கலாம். 1,500 சுற்றில் 10 லிட்டரே. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் பாய்ந்து போகிறது. விரலை எடுத்தால் காலடியில் விழுகிறது. குழாயின் விட்டம் இரு மடங்கானால் உள்ளே வேகம் கால் பங்காகும். குறைந்த சுற்றில், அகலக் குழாயில் புகை மந்தமாக நகர்கிறது. வேகமாகப் போகும் புகைத்திரள் தன் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச் சென்று, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி இழுக்கும். மந்தமான புகைக்கு அந்த உறிஞ்சல் இல்லை. எரிந்த வாயு உள்ளேயே தங்கினால் புதிய கலவைக்கு இடமேது?

இரு வீச்சு எஞ்சினில் இது இன்னும் நுட்பம். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளை இன்றும் காதலிப்பவர்கள் ஏராளம். அத்தகைய எஞ்சினின் சைலன்சர் வெறும் புகைக் குழாய் அன்று. அதன் வயிறு பருத்து, பின் ஒடுங்குகிறது. அழுத்த அலை ஒன்று அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். தொழிற்சாலையின் வால்டர் காடன் 1950-களில் இந்த வடிவத்தை வளர்த்தெடுத்தார். அந்த வயிற்றை அறுத்தெறியும் தம்பிகள், தங்கள் எஞ்சினின் உணவைத் தெருவில் கொட்டுகிறார்கள்.

எங்கள் மாணவரின் அண்ணன் மிச்சப் பணத்தை எதில் போட்டார்? பட்டறை அண்ணாச்சி காரைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அரைச் சுற்றிலேயே நின்றது. “உப்புக் காத்து, தம்பி. பிரேக்கு டிரம்முல துரு புடிச்சி ஷூ ஒட்டிக்கிட்டு நிக்கி. பிரேக்கைப் புடிச்சிக்கிட்டே ஓட்டினிய போல!” என்றார். நூறு நியூட்டன் இழுத்தடித்தால் முதல் கியரில் நூற்றுக்கு மூன்றுதான் நஷ்டம். நான்காம் கியரின் 840-இல் அது நூற்றுக்குப் பன்னிரண்டு. பிரித்துத் துடைத்து, தேய்ந்த பாகங்களை மாற்றினார்கள். கிளட்ச் தட்டு வழுக்கிக்கொண்டிருந்தது, புதிது போட்டார்கள். டயர்களில் காற்றைச் சரியாக நிரப்பினார்கள்.

இன்னொன்றை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். காற்று வடிகட்டிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. எஞ்சின், மூடியின் அடியில் வெந்துகொண்டிருந்த காற்றையே குடித்துக்கொண்டிருந்தது. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி எனக் கொள்ளுங்கள். கெல்வினில் 308, 338. அழுத்தம் மாறாதபோது அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர்விகிதம். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு ஒன்பது பங்கு காற்று குறைவு. ஆக்சிஜனும் அவ்வளவே குறைவு. ஒரு ரப்பர்க் குழாயின் விலையில் அது சரியாயிற்று. செய்த வேலைகளிலெல்லாம் ரூபாய்க்கு அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

பின் இருக்கையைக் கழற்றி எறியலாமா என்று அண்ணன் கேட்டார். கூடாது என்றேன். பதிவுச் சான்றிதழில் இருக்கைகளின் எண்ணிக்கையும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படிப்பட்ட மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிப்படுத்தியது. செதுக்குவதும் கழற்றுவதும் செட்டிப்பாளையம், இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் மட்டுமே ஓடும் வண்டிகளுக்கு உரியவை. அதற்குப் பதிலாக, பின்பெட்டியில் அவர் சுமந்து திரிந்த பழைய பேட்டரி, கருவிப் பெட்டி, இரண்டு உப்பு மூட்டைகள் ஆகியவற்றை இறக்கச் சொன்னேன்!

மறுபடி ஒரு ஞாயிறு காலை. அதே கோடு, அதே நால்வர். நேரம் ஐந்தரை வினாடிக்கு அருகில் வந்திருந்தது. புதுச் சைலன்சரை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றுவிட்டதாகத் தம்பி பிறகு சொன்னார்.

உங்களிடம் கார் இல்லாவிட்டால் என்ன? மிதிவண்டி இருக்கிறதே! மிதியருகே உள்ள பெரிய பல்சக்கரத்திலும் பின் சக்கரத்தின் சிறிய பல்சக்கரத்திலும் எத்தனை பற்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளி மைதானத்தில் பத்து மீட்டர் அளந்து, நின்ற நிலையிலிருந்து அதைக் கடக்கும் நேரத்தை ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு பின்னால் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டு மீண்டும் அளவுங்கள். சம முடுக்கம் எனக் கொண்டு, இரண்டு நேரங்களிலிருந்தும் உங்கள் கால்கள் தரையில் தந்த சராசரி விசையைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் சமமாக வருகின்றனவா? வராவிட்டால் ஏன்?